காற்றை நம்பாத டேப்பு மாஸ்டர்

உலகத்தில் எல்லோருக்கும் எதன் மீதாவது ஒரு சந்தேகம் இருக்கும். கறிக்கடைத் தராசைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் காற்றைச் சந்தேகப்பட்ட மனிதர், எனக்குத் தெரிந்து, மலேசியாவிலேயே ஒருவர்தான். அவர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எனக்கு அடுத்த அறையில் இருந்தார். காற்று என்றதும் பேய்க்காற்று, ஆவி என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களும் நானும் இந்த நிமிடம் மூக்கால் இழுத்துக்கொண்டிருக்கிறோமே, அதே சாதாரணக் காற்றைத்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கடிதத்தின் உறையில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. எங்கள் தெருத் தபால்காரர் மீது சந்தேகம் என்பதால் எல்லாக் கடிதத்தையும் தான் ஆராய்ச்சி செய்த பல்கலைக்கழக முகவரிக்கே வரவழைத்துவிடுவார். எங்களுக்கு அவர் டேப்பு மாஸ்டர். பந்திங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் மாஸ்டர். மற்றவர்கள் கைக்கடிகாரம் கட்டுகிற இடத்தில் ஒரு கறுப்பு டேப்புச் சுருளை வளையல்போல மாட்டிக்கொண்டு திரிந்ததால் டேப்பு. வழியில் யாராவது மணி கேட்டால் பழக்கத்தில் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் பாதி இருக்கு" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரயில்வேயில் சீஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் நாங்கள் அவரை சீஃப் என்றுதான் அழைத்தோம். அப்படி அழைக்காவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கீழே அவர், மேலே மூன்று அறைகள். ஒன்றில் நான், ஒன்றில் ரயில்வே பட்டறையில் வேலை செய்த ஜோசப், மூன்றாவது காலியாக இருந்தது. பள்ளியில் மூன்று வருட லீவு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்திருந்த மாஸ்டர் அதைப் பார்க்க வந்தார்.

வந்தவர் வாடகையைக் கேட்கவில்லை, குளியலறையைக் கேட்கவில்லை.

"அங்கிள், இந்த வீட்டுக்குள்ள காத்து எந்தப் பக்கமா வருது?"

சீஃபுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாலு பக்கத்தாலயும் வரும் தம்பி. நல்ல காத்தோட்டமான வீடு."

மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அறையை எடுத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அவர் அறையின் ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, பலகைச் சுவரின் விரிசல் எல்லாவற்றிலும் கறுப்பு டேப்பு. சாவித் துவாரத்தில்கூட ஒரு துண்டு. வீட்டுப் பூட்டை நம்பாமல் தன் சொந்தப் பூட்டையும் வாங்கி மாட்டியிருந்தார். அந்த அறைக்குள் மனிதன் எப்படி மூச்சு விட்டான் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிறகு டேப்பு மெல்ல வெளியே பரவியது. பொதுச் சமையலறையில் உப்பு ஜாடிக்கு டேப்பு, மிளகாய்த் தூள் போத்தலுக்கு டேப்பு. ஜோசப் ஒருநாள் அரைப் பொட்டலம் முறுக்கை மேசையில் வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனான். திரும்பி வருவதற்குள் முறுக்கு சீல் வைக்கப்பட்டிருந்தது.

"மாஸ்டர், நான் இன்னும் தின்னு முடிக்கல லா," என்றான் ஜோசப்.

"நீ தின்னு முடிக்கிற வரைக்கும் ஈரம் காத்துக்கிட்டு இருக்குமா பிரதர்?"

இந்த வியாதிக்குக் காரணம் என்ன என்பதை எனக்கு மட்டும் சொன்னார். எங்களுக்கு எதிர்ச் சாரியில் ஒரு தோசைக்கடை. தினமும் சாயங்காலம் நானும் அவரும் அங்கேதான் சாப்பிடுவோம். ஜோசப் சமைத்துச் சாப்பிடுகிறவன். ஒருநாள் நான் ஐந்து தோசை வாங்கி வைத்திருந்தேன். மாஸ்டர் கேட்காமல் கொள்ளாமல் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தம்பி, பிளாஸ்டிக் மாதிரி சாமான்ல கரண்ட் ஓடுமா?"

"ஓடாது மாஸ்டர். அதனாலதானே ஒயருக்கு மேல சுத்துறாங்க."

"ஓட வைக்கலாம். மூலக்கூறை நாமளே வரைஞ்சு, நாமளே செஞ்சா ஓட வைக்கலாம்." என் தோசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். "இது ஒரு மூலக்கூறு. தட்டையா இருக்கணும். மேல இன்னொண்ணு, ஒட்டினாப்புல. எலக்ட்ரான் இந்தத் தோசையிலேருந்து அடுத்த தோசைக்குத் தாவணும். நடுவுல ஒண்ணு சுருண்டுக்கிட்டா அங்கயே நின்னுடும். எலக்ட்ரான் மேல ஆசை புடிச்ச அணுவா பாத்து ஓரத்துல மாட்டணும், அப்பத்தான் உள்ள வரும். ரெண்டு பக்கமும் வாலு வைக்கணும். வாலு இல்லன்னா எண்ணெயில கூட கரையாது. வாலு நீண்டுட்டா ஒண்ணோட ஒண்ணு நெருங்காது. இந்த வாலுதான் எனக்குத் தலைவலி."

"அந்த மாதிரி சாமான் எங்கயாவது இருக்கா மாஸ்டர்?"

"உன் ஆபீஸ்ல போட்டோகாப்பி மிஷின் இருக்கில்ல, அது உள்ள ஒரு டிரம் இருக்கு. அது மேல பூசியிருக்கிறது இந்த மாதிரி சரக்குதான். ஆனா அதுல ஓடுறது எலக்ட்ரான் இல்ல. எலக்ட்ரான் எழுந்து போன காலி இடம்."

"காலி இடம் எப்படி ஓடும்?"

"கிளினிக் பெஞ்சில முதல் ஆளு உள்ள போனா என்னா ஆவுது? எல்லாரும் ஒரு எடம் நகர்றாங்க. காலி இடம் கடைசிக்குப் போயிடுது. அதுதான். காலி இடத்தை ஓட்ட நெறையப் பேருக்குத் தெரியும் தம்பி. எலக்ட்ரானை ஓட்டுறதுதான் கஷ்டம். வழியில திருடன் நிக்கிறான்."

"யாரு?"

மாஸ்டர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காத்து. அதுல இருக்கிற ஆக்சிஜன். கூடவே ஈரமும் சேர்ந்துக்கும். எலக்ட்ரான் வர்ற வழியில நின்னு புடிச்சு வச்சுக்குவானுங்க. நான் ரெண்டு வருசமா செஞ்ச சரக்கை ரெண்டு நிமிசத்துல படுக்க வச்சிடுவானுங்க."

"சாம்பார் ஊத்தலாமா மாஸ்டர், தோசை ஆறுது."

"பாத்தியா, நீயும் ஈரத்தைத்தான் கொண்டு வர்ற," என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு இதில் பாதி புரிந்தது. கீழே இருந்த சீஃபுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. முதலில் மாஸ்டர் சம்சு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார் என்று முடிவு கட்டினார். டேப்பு ஒட்டிய கதவருகே நின்று நாள் கணக்கில் மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் வரவில்லை. வாசனை வராததே பெரிய சந்தேகமாகிவிட்டது. பிறகு பொட்டலங்கள் கண்ணில் பட்டன. சப்பாத்து, அதாவது ஷூ, வாங்கினால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகச் சின்னச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்கள் அல்லவா, மாஸ்டர் கோலாலம்பூரில் இருந்த சப்பாத்துக் கடை அத்தனைக்கும் போய் அவற்றைக் கெஞ்சி வாங்கி வருவார். ஒவ்வொன்றிலும் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கும். ஒரே அறையில் அப்படி முந்நூறு பொட்டலம் இருந்தால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

கடைசியாக ஒரு காகிதம் அகப்பட்டது. மாஸ்டர் குப்பையில் போட்டது. சீஃப் என்னைக் கீழே கூப்பிட்டு, பாலில்லாத கோப்பி ஓ ஊற்றிக் கொடுத்து, அதை மேசையில் விரித்தார். அறுகோணம் அறுகோணமாக ஏழெட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. மூலைக்கு மூலை ஆங்கில எழுத்து. இரண்டு ஓரத்திலும் பாம்புபோல நெளிந்து போகிற வால்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. இது என்னெண்டு சொல்லும்."

"மூலக்கூறு சீஃப். ரசாயனம்."

"எனக்கு விசர் பிடிக்கேல்லை. இது சக்கரம். ஆருக்கோ கட்டு வைக்கிறான். அவன் வந்த நாளில இருந்து எனக்கு முழங்கால் வலி. டிவியில படம் ஆடுது. அவன் மாஸ்டரில்லைத் தம்பி, பொமோ."

பொமோ என்றால் இங்கே மந்திரவாதி. நான் சிரித்தேன். சீஃப் சிரிக்கவில்லை.

"நீர் ஒவ்வொரு நாளும் அவனோட சாப்பிடுறீர். உம்மில அவனுக்குச் சந்தேகம் வராது. உள்ளுக்க என்ன வைச்சிருக்கிறான் எண்டு மட்டும் பாத்துச் சொல்லும். முன்னறை காலியானா உமக்குத்தான்."

முன்னறையில் சாலையைப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் இருந்த ஜோசப்புக்கு அடுத்த மாதம் ரயில்வே குவாட்டர்ஸ் கிடைப்பதாக இருந்தது. என் அறையிலோ ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சரி என்று சொன்னேன். என் யோக்கியதையின் விலை ஒரு ஜன்னல் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த வாரம்தான் மாஸ்டர் முதன்முதலாகச் சிரித்துப் பார்த்தேன். தோசைக்கடையில் உட்கார்ந்ததும், "பதினொண்ணு வந்துடுச்சு" என்றார். அவருடைய மூலக்கூறுகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாம் தோல்வி. ஒன்றாம் நம்பர் எதிலும் கரையவில்லை. நான்காம் நம்பர் தட்டையாகப் படுக்கவில்லை. ஏழாம் நம்பரை யாரோ ஆய்வுக்கூடத்தில் திறந்து பார்த்துவிட்டு மூடியைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள். அது ஷா ஆலமிலிருந்து காரில் வருகிற சக மாணவர்தான் என்று மாஸ்டருக்குச் சந்தேகம். அதிலிருந்து ஆய்வுக்கூடத்தையே நம்பாமல், நைட்ரஜன் அடைத்து மூடிய குப்பியை பிஸ்கட் டின்னில் வைத்து, சுற்றிலும் சப்பாத்துப் பொட்டலங்களை அடுக்கி, மினி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார்.

"திங்கட்கிழமை மிஷின்ல வச்சு அளக்கிறோம். எலக்ட்ரான் ஓடுச்சுன்னா லீவை நீட்டித் தருவாங்க. ஓடலன்னா பந்திங்தான். புரொபசர் செவ்வாய்க்கிழமை வெளிநாடு போறாரு, ஒரு வருசத்துக்கு. மறுபடி சுத்தம் பண்ணி அளக்க நாள் கிடையாது."

"ஓடும் மாஸ்டர்."

"காத்து படாம இருந்தா ஓடும்." தோசையைப் பிய்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் அறையின் மாற்றுச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஞாயித்துக்கிழமை காலையில முடி வெட்டப் போறேன். புரொபசர் முன்னால பரட்டையா நிக்க முடியாது. நீ வீட்ல இரு. அந்தப் பக்கம் யாரையும் விடாத. தீ கீ புடிச்சா டின்னை மட்டும் தூக்கிட்டு ஓடு. என் துணியெல்லாம் எரிஞ்சா எரியட்டும்."

காற்றை நம்பாதவர், தபால்காரரை நம்பாதவர், உப்பை நம்பாதவர், சாவியைக் கொண்டுவந்து வேவுகாரன் கையில் கொடுக்கிறார். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். நான் சாவியை வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு தோசை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜோசப் மாதா கோயிலுக்குப் போயிருந்தான். மாஸ்டர் தெரு முனை திரும்பவும் மாடிப்படியடியில் சீஃபின் இருமல் கேட்கவும் சரியாக இருந்தது. அது ரயில்வே கொடி மாதிரி. புறப்படலாம் என்று அர்த்தம்.

சீஃப் மேல் மட்டும் பழி போட மாட்டேன். எனக்கே உள்ளுக்குள் ஓர் அரிப்பு இருந்தது. மூன்று வருடமாக ஒரு மனிதன் இப்படிக் கட்டிக் காக்கிறது வெறும் தூள்தானா என்று. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். படுக்கை, மேசை, சுவர் முழுக்க அறுகோணம். பிஸ்கட் டின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. உள்ளே கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குப்பி, அதன் வாயைச் சுற்றி ஏழு சுற்று டேப்பு. டேப்பிலிருந்து கண்ணாடிக்குத் தாண்டிப் போகிற மாதிரி நெளிநெளியாக ஒரு பேனாக் கோடு. யாராவது பிரித்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் பிரித்தேன். மூடியைத் திறந்தேன். குப்பிக்குள் ஒரு கரண்டிகூட வராத அளவுக்கு, அடர் சிவப்பில், மிருதுவாக ஒரு தூள்.

அச்சு அசலாகக் குங்குமம்.

பின்னால் சீஃபின் மூச்சு கேட்டது. பொறுக்க முடியாமல் மேலே வந்துவிட்டார். "என்ன தம்பி, என்ன கிடக்குது?" என்றார். நான் வலது கையில் குப்பியை வைத்து அவர் பக்கம் நீட்டினேன்.

இங்கேதான் நடக்கக் கூடாதது நடந்தது. ஐம்பது வருடமாகத் தவறாமல் கோயிலுக்குப் போகிற மனிதர். வலது கையால் ஒருவர் சிவப்புத் தூளை நீட்டினால் அந்தக் கைக்கு என்ன செய்யத் தெரியுமோ அதைச் செய்தது. சீஃப் செருப்பைக் கழற்றினார். மோதிர விரலைக் குப்பிக்குள் விட்டுத் தாராளமாகத் தொட்டு எடுத்தார். கண்ணை மூடி, நெற்றி நடுவே அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார். மிச்சத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டார்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

"தம்பி, நான் இப்ப என்ன செய்தனான்?"

"பொட்டு வச்சிட்டீங்க சீஃப்."

"அவன்ர பொட்டையோ?"

"ஆமா சீஃப்."

அந்த வயதில் அந்த முழங்காலோடு ஒருவர் அப்படிப் படி இறங்கி நான் பார்த்ததில்லை. நான் மூடியை அழுத்தி, மேசையில் இருந்த டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி, பேனாவால் நெளிநெளியாக ஒரு கோடு போட்டு, எல்லாவற்றையும் இருந்தபடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையைப் பார்த்தால் மூன்று விரல் சிவப்பு. சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. கீழே சீஃபும் சவர்க்காரம் போட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் வைத்தால் போகும் என்று தேங்காயெண்ணெயை நெற்றியில் ஊற்றிக்கொண்டார். மாஸ்டர் எத்தனை பாடுபட்டு அந்த வாலை ஒட்ட வைத்திருந்தார் என்பது அப்போது விளங்கியது. பதினோராம் நம்பர் எண்ணெயில் அழகாகக் கரைந்தது. பொட்டாக இருந்தது நெற்றி முழுக்க ஆரஞ்சாகப் படர்ந்தது. சீஃப் பதறிப்போய் முற்றத்து வெயிலில் வந்து நின்றார். வெயில் பட்டதும் அந்த ஆரஞ்சின் ஓரம் பச்சையாக மின்ன ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் முடி வெட்டிக்கொண்டு மாஸ்டர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். சீஃபின் நெற்றியை முழுதாக ஒரு நிமிடம் பார்த்தார்.

"அங்கிள், நெத்தியில என்னா?"

"கோயில்ல தந்த குங்குமம்."

"பச்சையா மின்னுற குங்குமம் எந்தக் கோயில்ல தராங்க?"

சீஃப் யோசித்தார். "புதுக் கோயில்," என்றார்.

மாஸ்டர் மாடிக்கு வந்தார். நான் என் அறையில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் டின் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். புதிதாக வெட்டிய முடியோடு, குப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என் கோட்டுக்கு ஆறு வளைவு தம்பி," என்றார். "இதுல அஞ்சுதான் இருக்கு."

அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது. அவர் அழவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, மேலே 'சந்தேகத்துக்கு உரியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டு, விசாரணையைத் தொடங்கிவிட்டார். முதல் பெயர் சீஃப். இரண்டாவது ஜோசப். மூன்றாவது ஷா ஆலம் மாணவர். நான்காவது சீஃப் வீட்டுப் பூனை. ஐந்தாவது காற்று. ஜோசப் வந்ததும் அவனைப் படியிலேயே நிறுத்தினார்.

"பதினொரு மணிக்கு எங்க இருந்தீங்க பிரதர்?"

"பூசையில இருந்தேன் மாஸ்டர். வேணும்னா ஃபாதரைக் கேளுங்க லா."

மாஸ்டர் உண்மையிலேயே போய் ஃபாதரைக் கேட்டுவிட்டு வந்து அவன் பெயரை அடித்தார். பூனையின் நான்கு பாதத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு அதன் பெயரையும் அடித்தார். அந்தக் காகிதத்தை நான் மூன்று முறை படித்தேன். பூட்டு உடையவில்லை. மாற்றுச் சாவி இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. அந்த ஆளின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

அன்று சாயங்காலமும் வழக்கம்போல அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். வரவில்லை என்றால் சந்தேகம் வரும். போனால் விரல் இருக்கிறது. போனேன். தோசை வந்தது. நான் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டி கேட்டேன். வாழ்நாளில் முதன்முறையாகத் தோசையைக் கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்டேன். கையில் சுளுக்கு என்று சொன்னேன். மாஸ்டர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாத்து சாப்பிடு" என்றார்.

திங்கட்கிழமை குப்பியோடு போனவர் நான்கு மணிக்கே திரும்பிவிட்டார். மிஷின் ஊசி கொஞ்சம் எழுந்ததாம், பிறகு படுத்துக்கொண்டதாம். புரொபசர் நல்ல மனிதர்தான். ஆனால் மூன்று வருடம் போதும், பிள்ளைகள் பள்ளியில் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த வார முடிவில் மாஸ்டர் தானே ஒவ்வொரு ஜன்னலாக டேப்பை உரித்தார். பலகையில் பசை ஒட்டியிருந்த இடத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டாக்சி வந்துவிட்டது.

சீஃபின் நெற்றி வெளுக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அவர் நெற்றியில் அருள் இறங்கியிருப்பதாகப் பேச்சுக் கிளம்பி, நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்கிற கூட்டம் ஒன்று வாசலில் வந்து நின்றது. அவர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் பேச்சை எடுத்தால் மட்டும், "பாவம், நல்ல பெடியன்" என்று எழுந்து உள்ளே போய்விடுவார். முன்னறை எனக்குக் கிடைத்தது. ஜன்னல் வழியாகக் காற்று நன்றாகத்தான் வந்தது. எனக்குத்தான் அந்தக் காற்று பிடிக்காமல் போயிற்று.

ஏழெட்டு வருடம் கழித்து ஆபீஸ் வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சந்தில், போட்டோகாப்பி மிஷின் பழுது பார்க்கும் கடை. உள்ளே ஒரு மிஷினின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டு ஒருவர் குனிந்திருந்தார். மணிக்கட்டில் கறுப்பு டேப்புச் சுருள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. காலையில் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் இந்தக் கடை என்று சொன்னார். டிரம்மை வெளியே எடுத்துக் குழந்தையைப்போலக் கையில் ஏந்திக் காட்டினார்.

"பாத்தியா தம்பி, காலி இடம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீஃப், கோப்பி ஓ, முன்னறை ஜன்னல், குப்பி, பொட்டு, ஐந்து வளைவு. மாஸ்டர் டிரம்மைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்," என்றார்.

"எப்ப தெரியும் மாஸ்டர்?"

"கரண்டி கேட்டியே, அப்பவே. அதுக்கு முன்னாலயும் தெரியும். சாவி உன்கிட்டதானே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் என் பேரை எழுதல?"

அவர் வேறு பேச்சை எடுத்தார். பதினோராம் நம்பருக்கு வால் கொஞ்சம் நீளமாகிவிட்டதாம். ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்திருக்கவே செய்யாதாம். காற்றே படாமல் இருந்தாலும் எலக்ட்ரான் ஓடியிருக்காதாம். "அது என் தப்பு, உன் தப்பு இல்ல" என்றார். அவர் சொன்ன வேகத்தைப் பார்த்தால், ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகி வைத்திருந்த மாதிரி இருந்தது. எனக்காகத்தான் அந்த வாலை நீட்டினாரோ என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். அவரோடு பழகிய தோஷம், இன்றும் தீரவில்லை.

நான் விடவில்லை. "ஏன் எழுதல மாஸ்டர்?"

"எழுதிட்டு?" என்றார். டிரம்மை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அப்புறம் யார்கூட உக்காந்து சாப்பிடுறது?"

கடையைப் பூட்டினார். சாவித் துவாரத்தில் ஒரு துண்டு டேப்பு ஒட்டினார். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போய் ஐந்து தோசை சொன்னார். கடைக்காரர் எங்கள் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது, மாஸ்டர் அவரைத் தடுத்து நிறுத்தி, என்னைக் காட்டிச் சொன்னார்.

"அண்ணே, இவருக்குக் கரண்டி வேணாம்."